அருளானந்த அடிகளும் சிறுவல்லி அரண்மனையும்

மயிலாப்பூரைப் பற்றி எழுதப் புகுவோர் கபாலீச்சரத்தில் தொடங்கித் திருவள்ளுவரில் முடிப்பது வழக்கம். கடற்கரையோரமாகச் சற்றே நடந்து சாந்தோம் வரை செல்வோர் மிகச் சிலர். ஆயினும் தமிழ் கற்றுத் தமிழில் உரைநடை வளர்த்த இத்தாலியத் துறவி தத்துவ போதகர், கண்ணொளி மங்கிய இறுதிக் காலத்தை இம்மயிலையிலேதான் கழித்தார். 1656-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இங்கேயே உயிர் நீத்தார். அவர் 1606-இல் மதுரையில் தொடங்கிய பணியின் தொடர்ச்சியாக வந்து, மறவர் சீமையில் தலை கொடுத்த ஒருவரின் வாழ்வைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஏடுகளில் அவர் பெயர் ஜான் தெ பிரிட்டோ. அவரைத் தம்மவராகக் கொண்ட உழவரும் மறவரும் வழங்கிய பெயர் அருளானந்தர்.

அருளானந்தரைப் பற்றிய பக்தி நூல்கள் தமிழில் பல உள. அவை பெரும்பாலும் அவருடைய பாடுகளையும் புதுமைகளையும் விரித்துரைப்பன. அவர் எதன்பொருட்டுக் கொல்லப்பட்டார் என்னும் இடம் வரும்போது, ஒரு பெண்ணின் பொறாமை என்று ஒரு வரியில் கூறி விரைந்து கடந்துவிடுவன. அந்த ஒரு வரியில் நின்று பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் மாநகரில் 1647-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள் அவர் பிறந்தார். தந்தை சல்வதோர் தெ பிரிட்டோ பெரேரா பிரேசிலில் இரியோ நகரின் ஆளுநராகச் சென்று அங்கேயே இறந்தவர். தாய் பெயத்ரீஸ் அம்மையார் மக்களைத் தனியே வளர்த்தார். சிறுவன் அரண்மனையில் ஏவல் இளைஞனாக அமர்த்தப்பட்டு, இளவரசர் பேதுருவுடன் ஒன்றாக விளையாடி வளர்ந்தான். இந்நட்பு பின்னாளில் ஒரு சோதனையாக வந்து நிற்கப் போகிறது. இளமையில் கொடிய நோயுற்றபோது, மகன் பிழைத்தால் ஓராண்டு சேசு சபையாரின் அங்கியை அணிவிப்பதாகத் தாய் புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். மகன் பிழைத்தான். நேர்த்திக்கடனாக உடுத்த அங்கியைக் களைய அவன் உள்ளம் பின்னர் ஒருப்படவில்லை. 1662 திசம்பரில், பதினைந்து வயதில், அச்சபையிலேயே சேர்ந்தான்.

மதுரைப் பணித்தளத்திலிருந்து பல்தசார் தா கோஸ்தா என்னும் முதியவர் ஆள் திரட்ட ஐரோப்பா சென்றிருந்தார். பிராமண சந்நியாசியின் கோலம் பூண்ட தத்துவ போதகரால் எல்லாச் சாதியாரோடும் பழக இயலவில்லை. எனவே 1640-ஆம் ஆண்டு பண்டார சாமி என்னும் புதிய கோலத்தை முதன்முதல் ஏற்றவர் இந்த தா கோஸ்தாவே. அவருடன் 1673-இல் கப்பலேறியவர்களுள் அவ்வாண்டே குருப்பட்டம் பெற்ற பிரிட்டோவும் ஒருவர். முதியவர் நடுக்கடலில் மாண்டார். இளையவர் கோவா வந்து சேர்ந்தார். அந்நாளில் நம் சாந்தோம் பிரெஞ்சுக்காரர் கையில் முற்றுகைப்பட்டுக் கிடந்தது. 1672-இல் பிடித்ததை அவர்கள் 1674-இல் கோல்கொண்டாவிடமும் ஒல்லாந்தரிடமும் இழந்தனர். கடற்கரை ஐரோப்பியர் சண்டையில் எரிந்துகொண்டிருக்க, பிரிட்டோ மலையாளக் கரை வழியாக மலை கடந்து கால்நடையாகத் தமிழகத்துள் நுழைந்தார்.

காவி உடை, காதில் வளையம், தலைப்பாகை, கையில் கோல், காலில் பாதக்குறடு. புலாலும் மதுவும் அறவே விலக்கிய ஒருவேளைச் சோறு. இது வேடம் என்று எள்ளுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். ஆனால் பதினான்கு ஆண்டுகள் கழித்து லிஸ்பன் சென்றபோதும் அவர் அக்காவியையும் அச்சோற்றையும் விடவில்லை. அரசரின் விருந்தில் அமர்ந்தும் கீரையும் காயும் உண்டவரை வேடதாரி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

செஞ்சியிலும் தஞ்சையிலும் அவர் கழித்த பத்தாண்டுகளை விரைந்து கடப்போம். மராத்தியர் படையெடுப்பும், பஞ்சமும், எழுபதுகளின் இறுதியில் வந்த பெருவெள்ளமும் அவர் மக்களோடு சேர்ந்து பட்டவை. 1685-இல் மதுரைப் பணித்தளம் முழுமைக்கும் தலைவரானார். மறுவருடம் மே மாதம் மறவர் சீமைக்குள் புகுந்தார். துறவியர் பல்லாண்டுகள் நுழைய அஞ்சிய சீமை அது. இரண்டு மாதங்களுக்குள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் திருமுழுக்குப் பெற்றனர். சூலையில் மங்கலம் என்னும் ஊரருகே சேதுபதியின் அமைச்சர் குமாரப் பிள்ளையின் ஆட்கள் அவரையும் உடன் இருந்த உபதேசிகளையும் பிடித்தனர். நீரில் அமிழ்த்தியும், வெயிலில் காய்ந்த கரடுமுரடான பாறை மேல் கிடத்தி மிதித்தும் வதைத்தனர். கொலைத் தண்டனையும் விதித்தாயிற்று. ஆனால் இராமநாதபுரத்தில் கிழவன் சேதுபதி அவரை நேரில் அழைத்து, அவர் போதிப்பதைக் கேட்டு, உயிர்ப்பிச்சை தந்தார். இனி என் நாட்டில் இதைப் போதிக்கலாகாது என்பதே நிபந்தனை.

கிழவன் சேதுபதியை இவ்விடத்தில் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம். இரகுநாதத் தேவர் என்பது அவர் இயற்பெயர். போகலூரிலிருந்து தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றிக் கோட்டை எழுப்பியவர். மதுரை நாயக்கரின் மேலாண்மையை உதறியவர். புலவர் பலரைப் புரந்த மரபினர். அவர் காலத்து அரசியலில் படையெடுப்பினும் மணவினை வலியது. கள்ளர் குலத்துக் கதலி நாச்சியாரை அவர் மணந்ததும், அவ்வம்மையின் உடன்பிறந்தான் இரகுநாதத் தொண்டைமான் புதுக்கோட்டைக்கு அதிபதியானதும் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்கள். 1710-இல் அவர் மறைந்தபோது மனைவியர் 47 பேர் உடன்கட்டை ஏறினர் என்று சீமை வரலாறு எழுதியோர் குறித்துள்ளனர். எனவே ஒரு பாளையக்காரனின் அந்தப்புரத்தில் ஐந்து தேவியர் இருந்தனர் என்றால், அது ஒருவனின் காமக் கணக்கு அன்று. ஐந்து குடும்பங்களின் உடன்படிக்கை. அவற்றுள் ஒன்றைக் கிழிப்பவன் ஒரு குடும்பத்தைப் பகைப்பான்.

விடுதலை பெற்ற பிரிட்டோவைச் சபைத் தலைவர்கள் ஐரோப்பாவுக்கு அனுப்பினர். 1688 செப்டம்பரில் லிஸ்பன் சேர்ந்தார். விளையாட்டுத் தோழர் பேதுரு இப்போது அரசர். இளவரசனுக்கு ஆசானாக அரண்மனையிலேயே இரு என்று அரசர் வேண்டினார். தாயும் முதுமையில் தனித்திருந்தார். அவர் மறுத்து, 1690-இல் மீண்டும் கப்பலேறினார். மறவர் சீமைக்குள் மறுபடி நுழைவது சேதுபதியின் ஆணையை மீறுவது என்பது அவருக்குத் தெரியும். 1691-இல் நுழைந்தார். காட்டோரங்களில் ஓலைக் குடிசையே கோயில், இரவில் பூசை, விடியுமுன் இடமாற்றம். இங்ஙனம் ஓராண்டுக்கு மேல் சென்றது.

இனி சிறுவல்லிக்கு வருவோம். அங்கே தடியத்தேவர் என்னும் தலைவர் இருந்தார். பழைய சேதுபதியர் வழியில் வந்தவர். அரியணை நியாயப்படி இவருக்கே உரியது என்று கருதியோர் சீமையில் பலர். அவரை ஒரு தீரா நோய் பற்றியது. வைத்தியமும் பூசையும் பயன்தரவில்லை. கிறித்தவர் சொற்கேட்டு அவர் குருவை வரவழைத்தார். தாம் செல்லுதல் அரசியல் கலகமாகும் என்று கருதிய அருளானந்தர் உபதேசி ஒருவரை அனுப்பினார். உபதேசி தலைமாட்டில் நின்று நற்செய்தி வாசகத்தைப் படித்தார், தேவர் எழுந்தமர்ந்தார். இது புதுமையா, இயல்பாகவே நோய் திரும்பும் நாளா என்று நான் வழக்காடப் போவதில்லை. தேவர் தாம் பிழைத்தது கிறித்துவின் அருளால் என்று முழுமனத்தோடு நம்பினார் என்பதே நம் கதைக்கு வேண்டுவது. திருமுழுக்குத் தருமாறு கேட்டார்.

அருளானந்தர் உடனே இசையவில்லை. நாட்களைக் கடத்தினார். உமக்கு மனைவியர் பலர். எங்கள் நெறியில் ஒருத்திக்கே இடம் என்று எடுத்துரைத்தார். தேவர் அரண்மனை திரும்பித் தேவியரை ஒருங்கே அழைத்தார். ஐவர் என்பது பரவலான கணக்கு. மூத்தவளை மட்டும் மனைவியாகக் கொள்வதாகவும், மற்றவர்க்குத் தம் வாழ்நாள் முழுதும் குறைவற மானியம் தந்து உடன்பிறந்தாரைப் போல் பேணுவதாகவும் அறிவித்தார். இளைய தேவி அழுதாள், இறைஞ்சினாள், பயனில்லை எனக் கண்டு சினந்தாள். கடலாயி என்று மரபு அவள் பெயரைச் சொல்கிறது. அவள் கிழவன் சேதுபதியின் உடன்பிறந்தார் வழிப் பெண்.

அருளானந்தர் வைத்த நிபந்தனை அவர் சொந்தக் கருத்தா? இல்லை. அதன் பின்னே ஐந்நூறு ஆண்டு வாதம் இருந்தது. 1201-இல் மூன்றாம் இன்னொசென்ட் பாப்பரசர் திபேரியா ஆயருக்கு விடுத்த மடலில் இவ்வினாவையே எதிர்கொண்டார். புறமதத்தார் செய்துகொண்ட மணமும் மெய்யான மணமே. திருமுழுக்கு பாவத்தைக் கரைக்குமேயன்றி மணத்தைக் கரைக்காது. ஆகவே முதல் மனைவியே மனைவி. பின்வந்தோர் மனைவியர் அல்லர் என்று அவர் தீர்த்தார். ஆபிரகாமும் யாக்கோபும் பலரை மணந்தது இறைவனின் தனி இசைவால் என்றும் சொன்னார். 1563-இல் திரெந்து பொதுச்சங்கம் ஒரே காலத்தில் பலரை மணத்தல் கிறித்தவர்க்கு ஆகும் என்போரைச் சபித்தது. இவை கண்டிப்பின் பக்கம்.

நெகிழ்வின் பக்கமும் ஒன்று உண்டு. கடல் கடந்த நாடுகளே அதைக் கற்பித்தன. அமெரிக்கப் பழங்குடித் தலைவரிடம் முதல் மனைவி யார் என்று கேட்டால் அவருக்கே நினைவில்லை. எனவே 1537-இல் மூன்றாம் பவுல் பாப்பரசர், முதலில் மணந்தவள் யாரென நினைவில்லாதவன் தான் விரும்பும் ஒருத்தியை வைத்துக்கொள்ளலாம் என்றார். 1571-இல் ஐந்தாம் பத்திநாதர் இன்னும் ஒரு படி சென்று, தன்னோடு திருமுழுக்குப் பெறும் மனைவியையே வைத்துக்கொள்ள இடம் தந்தார். 1585-இல் பதின்மூன்றாம் கிரகோரியார், அடிமையாய்ப் பிடிக்கப்பட்டுத் துணையை இழந்தவர்க்கு மறுமணத்துக்கு வழிசெய்தார். இவற்றுக்கெல்லாம் வேர், நம்பாத துணை பிரிந்து போக விரும்பினால் போகட்டும் என்று புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய அறிவுரை. ஆனால் இச்சலுகைகள் குறித்த சில நாடுகளுக்கென்றே விடுக்கப்பட்டவை. 1917-இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பே அவற்றை ஒத்த சூழ்நிலையுள்ள எல்லா நாட்டுக்கும் விரித்தது.

தடியத்தேவர் வழக்கிலோ சலுகைக்கே இடமில்லை. முதல் மனைவி யார் என்பது அவருக்கு ஐயமின்றித் தெரியும். அவளோடு வாழ அவருக்குத் தடையுமில்லை. சட்டம் மிக நேராகப் பொருந்தும் வழக்கு இது. குருவுக்குக் குழப்பமே இருந்திராது. மூத்தவளுக்கு அது நீதியாகவும் முடிந்தது என்பதை மறக்கலாகாது. பல மனைவியர் உள்ள வீட்டில் மூத்தவள் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதைப் பரத்தையிற் பிரிவைப் பாடிய நம் பழம்புலவரிடம் கேட்டால் சொல்வார்கள்.

ஆனால் கடலாயியின் நிலையில் நின்று பாருங்கள். குருவின் கண்ணில் அவள் விலக்கப்பட்ட மனைவி அல்லள். ஒருநாளும் மனைவியாகவே இருந்ததில்லை. அவள் கண்ணிலோ, உற்றார் கூடி முறைப்படி செய்து வைத்த மணம் அது; நாட்டு வழக்கு ஏற்ற மணம்; சேதுபதி குடும்பத்து மதிப்பை ஏந்திச் சென்ற மணம். மானியம் தருகிறேன் என்பது சோற்றுக்கு விடை. நான் யார் என்பதற்கு விடையில்லை. வள்ளி தெய்வயானை இருவருடனும் நிற்கும் சிங்காரவேலரைக் கபாலி கோயிலில் வணங்கி வளர்ந்த நமக்கு அவளுடைய திகைப்பு எளிதில் விளங்கும். சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கு இருதார மணத்தைத் தடுக்கும் சட்டம் 1949-இல்தான் வந்தது. கடலாயி அதற்கு இரண்டரை நூற்றாண்டு முந்தியவள்.

பக்தி நூலார் அவளை ஏரோதியாளுக்கு ஒப்பிடுவர். ஒப்புமை கவர்ச்சியானதே. அங்கும் இங்கும் அருளப்பர் என்றே பெயர். அங்கும் மணத்தைக் கண்டித்ததால் தலை போயிற்று. ஆயினும் எனக்கு இது பொருந்தவில்லை. ஏரோதியாள் உயிரோடிருந்த கணவனை விட்டு அவன் சகோதரனோடு வாழ்ந்தவள்; தன் நாட்டுச் சட்டத்தையே மீறியவள். கடலாயி எச்சட்டத்தையும் மீறவில்லை. அவள் செய்தது, கைவிடப்பட்ட எந்தப் பெண்ணும் செய்வது: பிறந்த வீட்டுக்குச் சென்று முறையிட்டாள். அம்முறையீடு ஓர் உயிரைக் குடித்தது என்பது உண்மை. அவளுடைய கண்ணீர் பொய்யன்று என்பதும் உண்மை.

1693 சனவரி 6, மூவரசர் திருநாள். முனி என்னும் ஊரில் அமைத்த கொட்டகைக் கோயிலில் தடியத்தேவரும் அவருடன் இருநூறு பேரும் திருமுழுக்குப் பெற்றனர். இரண்டு நாள் சென்றது. 8-ஆம் நாள் சேதுபதியின் குதிரை வீரர்கள் வந்து அருளானந்தரைக் கட்டி இழுத்துச் சென்றனர். கோயில்கள் கொளுத்தப்பட்டன, கிறித்தவர் வீடுகள் சூறையாடப்பட்டன.

சேதுபதியின் சினத்துக்கு உறவுப் பெண்ணின் கண்ணீர் மட்டும் காரணமன்று. அரசுரிமை கோரத்தக்க ஒருவர், ஆயிரக்கணக்கில் பெருகிவரும் ஒரு புதுக் கூட்டத்தில் சேர்கிறார். அவருக்குத் தம் குடும்பத்துடன் இருந்த மணத்தொடர்பை அறுக்கிறார். அதைச் செய்வித்தவரோ நாட்டுக்குள் வரக்கூடாது என்று ஏழாண்டுக்கு முன் எச்சரிக்கப்பட்டவர். எந்த அரசன் இதைச் சமயச் செய்தி என்று மட்டும் எண்ணுவான்? தேவரைச் சேதுபதி அவைக்கு அழைத்துப் பழைய தெய்வங்களை வணங்கப் பணித்தார். தேவர் மறுத்தார். அவரைத் தொட்டால் சீமையே எழும். ஆகவே தண்டம் குருவின் தலையில் விழுந்தது. அதிலும் ஒரு சூழ்ச்சி இருந்தது. இராமநாதபுரத்தில் வெளிப்படையாகக் கொன்றால் தேவர் கிளர்ந்தெழுவார். எனவே நாடுகடத்தல் என்று அறிவித்துவிட்டு, வட எல்லையில் ஓரியூரில் ஆண்டிருந்த தம் தம்பி உடையார் தேவருக்கு, வந்தவனை முடித்துவிடு என்று மறைவாக ஓலை அனுப்பினார்.

நோயால் நலிந்த அருளானந்தர் சனவரி இறுதியில் ஓரியூர் சேர்க்கப்பட்டார். உடையார் தேவரும் நோயாளி. சிறுவல்லியாரை எழுப்பியவன் என்னையும் எழுப்பட்டும் என்று கேட்டார். நலம் தருவது இறைவன், நானல்லேன் என்பதே விடையாயிற்று. உடையாரின் மனைவி இரங்கினாள், உடையாரும் தயங்கினார். அமைச்சர் முருகப்பப் பிள்ளை தயங்கவிடவில்லை.

பிப்ரவரி 3-ஆம் நாள் சிறையில் அருளானந்தர் தம் தோழருக்கு மடல் எழுதினார். எழுதுகோல் இல்லை, வைக்கோல் துரும்பும் கரித்தூள் கலந்த நீரும் கருவிகள். தம்மேல் சாட்டிய குற்றம் கடவுளின் நெறியைப் போதித்ததே என்று மகிழ்ச்சியோடு குறித்தார். இறப்பை எதிர்நோக்கி நின்றார். எழுதுவோராகிய நமக்கு அம்மடலின் மை மறக்கக்கூடியதன்று.

மறுநாள் 4-ஆம் தேதி, புதன்கிழமை. கிறித்தவர் நெற்றியில் சாம்பல் பூசித் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் அது. பாம்பாற்றங்கரை மேட்டுக்கு அவரைக் கொண்டு சென்றனர். சிறிது நேரம் முழந்தாளிட்டு வேண்டினார். பிறகு எழுந்து கொலையாளியைத் தழுவி, உன் கடமையைச் செய் என்பதுபோல் தலை தாழ்த்தினார். தலையும், பின்னர் கைகால்களும் வெட்டப்பட்டன. உடல் கழுவில் ஏற்றப்பட்டது. அடுத்த மாதம் முதல் நாள் வந்திருந்தால் அவருக்கு நாற்பத்தாறு வயது நிரம்பியிருக்கும். அம்மேட்டு மணல் இன்றும் செந்நிறமாய் இருப்பதைக் காட்டி ஓரியூரார் குருதி என்பர். சாதி, சமயம் பாராமல் அள்ளிச் செல்வோரை அங்கே காணலாம்.

லிஸ்பனில் செய்தி எட்டியபோது பேதுரு அரசர் தாய் பெயத்ரீசை அரண்மனைக்கு அழைத்தார். அவர் துக்க உடையில் வரவில்லை. திருவிழாவுக்குரிய உடையில் வந்தார் என்று சொல்வர்.

இக்கதை மயிலைக்குத் திரும்பும் இடம் ஒன்று உண்டு. அருளானந்தர் இறந்தபோது மதுரைப் பணித்தளத்தின் தலைவராக இருந்தவர் பிரான்சிஸ் லாய்னஸ். கொலை நடந்து ஒரு வாரத்துக்குள், சாட்சிகளின் வாய்மொழியைத் திரட்டித் தம் தோழர்களுக்கு அவர் எழுதிய நெடுமடலே தடியத்தேவர், கடலாயி, ஓரியூர் எல்லாவற்றையும் நமக்குச் சொல்லும் முதன்மைச் சான்று. அவர் 1708-இல் மயிலாப்பூர் ஆயரானார். 1715-இல் வங்காளத்துச் சந்திரநாகூரில் இறந்தார். தோழரின் மரணத்தை முதலில் எழுதி வைத்த கை, பின்னர் சாந்தோம் மறைமாவட்ட ஆணைகளில் ஒப்பமிட்டது. ஆனால் அம்மடல் ஒரு தோழரின் இரங்கல் மடல் என்பதை நாம் படிக்கும்போது நினைவில் வைக்க வேண்டும். கடலாயியின் தரப்பை விசாரிக்க அவர் அதை எழுதவில்லை. பின்வந்த சரிதங்களும் முறையீட்டுடன் அவளை விட்டுவிடுகின்றன.

பீடமேற்றும் முயற்சி நெடுங்காலம் இழுபட்டது. பண்டார சாமி கோலமும் மலபார் சடங்குகள் எனப்பட்ட உள்நாட்டு வழக்கங்களும் தகுமா என்னும் பூசல் குறுக்கே நின்றது. 1704-இல் புதுச்சேரியில் துர்னோன் என்னும் பாப்பரசர் தூதர் அவ்வழக்கங்களைத் தடுத்தார். லாய்னசே உரோமை சென்று எதிர்வாதம் எழுதினார். அவ்வழக்கங்களைக் கைக்கொண்டது அருளானந்தரின் வழக்குக்குத் தடையாகாது என்று பதினான்காம் ஆசீர்வாதப்பர் 1741-இல் தீர்த்தார். ஆயினும் அருளாளர் பட்டம் 1853 ஆகஸ்டு 21-இல்தான் வந்தது. புனிதர் பட்டம் 1947 சூன் 22-இல். நாடு விடுதலை பெற இரு திங்கள் இருந்த நேரம் அது.

இந்தத் தாமதத்தைக் குறித்து எனக்கு ஒரு வியப்பு உண்டு. காவி கட்டலாமா, காதில் வளையம் இடலாமா என்று அரை நூற்றாண்டு வழக்காடியவர்கள், நான்கு பெண்கள் அரண்மனையின் இன்னொரு பக்கத்துக்கு அனுப்பப்பட்டதைப் பற்றி வழக்காடவில்லை. அவருடைய கோட்பாட்டில் பிழை காண்பது என் கருத்தன்று. ஒருவனுக்கு ஒருத்தி என்பது கண்ணகியைத் தெய்வமாக்கிய நாட்டுக்குப் புதிய செய்தியும் அன்று. மானியம் குறையாது என்று தேவர் வாக்களித்ததை அருளானந்தர் தரப்புச் சான்றே பதிந்திருப்பது, அவ்வினா அவர்கள் மனத்தில் இருந்தது என்பதையும் காட்டுகிறது. எனினும் அது தேவரின் பெருந்தன்மையாக நின்றதேயன்றிச் சட்டமாக நிற்கவில்லை.

சட்டமாவதற்கு 290 ஆண்டு சென்றது. 1983-இல் இரண்டாம் அருள் சின்னப்பர் வெளியிட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1148-ஆம் பிரிவு இவ்வழக்குக்கே உரியது. முதல் மனைவியோடு தொடர்ந்து வாழ்வது கடினமாயின் திருமுழுக்குப் பெறுவோன் மற்றொருத்தியை வைத்துக்கொள்ளலாம், பல கணவர் உள்ள பெண்ணுக்கும் அவ்வாறே என்கிறது முதல் பத்தி. புதிதாகச் சட்டமுறைப்படி மணம் செய்துகொள்ள வேண்டும் என்கிறது இரண்டாம் பத்தி. விலக்கப்படும் முதல் மனைவிக்கும் ஏனைய மனைவியர்க்கும் நீதி, அன்பு, இயற்கை நேர்மை ஆகியவற்றின்படி வாழ்க்கைத் தேவைகள் நிறைவேறுமாறு பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஆயர் மீது சுமத்துகிறது மூன்றாம் பத்தி. அச்சட்டம் எழுதியவர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்கக் குடும்பங்களை எண்ணியே எழுதியிருப்பர். சிறுவல்லியை எவரேனும் எண்ணினரோ இல்லையோ, மூன்றாம் பத்தியைப் படிக்கும்போது எனக்கு நினைவில் வருவது கடலாயியே.